பழைய பிசி-ல கட்டின டிவி ரெக்கார்டர் மக்கர் பண்ணுதா? அறிகுறிய வச்சு சரி பண்றது எப்படி

வீட்டுல சும்மா கிடந்த டெஸ்க்டாப்ப டிவி ரெக்கார்டரா மாத்தி எனக்கும் சொந்தக்காரங்களுக்கும் கட்டிக் குடுத்தாச்சு, கட்டினது ஒரு வேலைன்னா அப்புறம் வர்ற போன் கால் பத்து வேலை. "தம்பி, நேத்து சீரியல் பதிவாகவே இல்லப்பா", "படம் கட்டம் கட்டமா வருது" இப்படியே தான் வரும். திரும்பத் திரும்ப ஒரே கோளாறுங்க தான், அதனால அறிகுறி வாரியா எழுதி வச்சுட்டேன்.

செட்டப் இது: பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் (கோர் 2 டியோ, இல்ல ரெண்டாம் தலைமுறை ஐ3), 4 ஜிபி ரேம், ஒரு டிவிபி-எஸ்2 (சாட்டிலைட் டிவி சிக்னல் முறை) டியூனர் கார்டு, லினக்ஸ், அதுமேல டிவிஹெட்எண்ட் (சேனல பிடிச்சு பதிவு பண்ற சாஃப்ட்வேர்). மொட்டை மாடியில டிடி ஃப்ரீ டிஷ்-க்கு வச்ச டிஷ், ஜிசாட்-15-ஐ பாத்து, அதாவது 93.5 டிகிரி கிழக்கு. ஹால் டிவியில கோடி (பதிவானத போட்டுக் காட்டுற ஆப்). சேனல் அனுப்புறத அப்படியே டிஸ்க்ல எழுதுறதால ப்ராசசர் பழசா இருந்தா ஒண்ணும் குடி முழுகிப் போகாது, அதனால "சிபியு பத்தல, மாத்திடலாமா"ன்னு ஆரம்பிக்காதீங்க. டியூனர் கார்டயும் அப்படித்தான், எல்லாரும் முதல்ல வாங்குறது அதைத்தான், கெட்டுப் போறது ரொம்ப அபூர்வம்.

கையில ஒரு மல்டிமீட்டர், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஸ்பேர்ல ரெண்டு எஃப் கனெக்டர் (டிஷ் கேபிள் முனையில திருகி மாட்டுறது), ஒரு சாட்டா கேபிள் (ஹார்ட் டிஸ்க்குக்குப் போறது), ஒரு சிஆர் 2032 செல் (மதர்போர்டு பட்டன் செல்). இது அஞ்சும் இருந்தா பாதிக்கு மேல வீட்டுலயே முடிஞ்சிடும்.

## பாக்ஸே ஆன் ஆகல

பட்டன் அமுக்கினா அசைவே இல்ல. பவர் கார்டு, ப்ளக் பாயிண்ட், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை டப்பா) பின்னாடி இருக்கிற சின்ன சுவிட்ச், மூணும் பாருங்க. வீடு பெருக்கும்போது அந்த சுவிட்ச் ஆஃப் ஆகி, அதுக்கு நான் பஸ் ஏறிப் போனதும் உண்டு. அதெல்லாம் சரின்னா வேற எஸ்எம்பிஎஸ் ஒண்ண மாட்டிப் பாருங்க.

ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே இல்ல, இல்லன்னா பீப் பீப்னு கத்துது. ரேம கழட்டுங்க, அந்த தங்கக் கலர் பல்ல பென்சில் ரப்பரால மெதுவா தேய்ங்க, துடைச்சிட்டு க்ளிக்னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தி மாட்டுங்க. ரெண்டு ரேம் இருந்தா ஒண்ணொண்ணா மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க.

கரண்ட் போய் வந்தா தானா ஆன் ஆகல. பயாஸ்ல (மதர்போர்டோட சொந்த செட்டிங் மெனு) "ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்"னு ஒண்ணு இருக்கும் (போர்டுக்கு போர்டு பேரு மாறும்), அதை ஆன்-ல வைங்க. வச்ச செட்டிங் அடுத்த தடவை காணோம்னா மதர்போர்டுல இருக்கிற பட்டன் செல் செத்துப்போச்சுன்னு அர்த்தம். மீட்டர்ல புதுசு 3 வோல்ட் காட்டும், 2.7-க்கு கீழ போயிருந்தா மாத்திடுங்க. இந்த ஒரு செல்லு மூணு வேஷம் போடும்: பாக்ஸ் எழுந்திருக்காது, எழுந்தாலும் எஃப்1 அமுக்குன்னு திரையில நிக்கும், அதையும் தாண்டி வந்தா தேதி தப்பா இருக்கும். மூணுக்கும் வைத்தியம் ஒண்ணு தான், கடையில சில்லறைக் காசுக்கு கிடைக்கும்.

ஓடிட்டே இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகுது. மிக்ஸி, மோட்டார் போடும்போதா, இன்வெர்ட்டர் மாறும்போதான்னு முதல்ல கவனிங்க. வீட்டு இன்வெர்ட்டர் பின்னாடி யுபிஎஸ் மோட், எக்கோ மோட்னு ஒரு சுவிட்ச் நிறைய மாடல்ல இருக்கு. எக்கோ-ல இருந்தா மாறுற நேரம் கூட, ஃபேன் லைட்டுக்குத் தெரியாது, பிசி தாங்காது. யுபிஎஸ் மோட்-ல போடுங்க. அப்பவும் விழுந்தா பயாஸ்ல ஹார்டுவேர் மானிட்டர் போய் 12 வோல்ட் லைன் 11.4-ல இருந்து 12.6-க்குள்ள, 5 வோல்ட் லைன் 4.75-ல இருந்து 5.25-க்குள்ள இருக்கான்னு பாருங்க. வெளிய போச்சுன்னா எஸ்எம்பிஎஸ் போச்சு. மதர்போர்டுல கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தாலோ பிரவுன் கலர்ல கசிஞ்சிருந்தாலோ சர்வீஸ் கடை வேலை, ஆனா அந்த வயசு போர்டுக்கு கூலி குடுக்கிறத விட சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கிற இடத்துல செகண்ட் ஹேண்ட் போர்டு பாக்கிறது லாபம். எஸ்எம்பிஎஸ்ஸ மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீங்க, ப்ளக்க உருவின பிறகும் உள்ள கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், உயிருக்கே ஆபத்து.

## பாக்ஸ் ஓடுது, டிவிஹெட்எண்ட்ல டியூனரே காணோம்

பிரவுசர்ல 9981 போர்ட்ல வெப் பேஜ் திறக்குது, கான்ஃபிகரேஷன்ல டிவி அடாப்டர் லிஸ்ட் காலி. டெர்மினல்ல போய் டெவ் டைரக்டரிக்குள்ள டிவிபி-ன்னு ஃபோல்டர் இருக்கான்னு பாருங்க.

ஃபோல்டர் இருக்கு. அப்ப கார்டு நல்லா இருக்கு, டிவிஹெட்எண்ட் தான் பாக்கல. பாக்ஸ் பூட் ஆகும்போது கார்டு ரெடி ஆகிறதுக்கு முன்னாடியே சர்வீஸ் கிளம்பிட்டா இப்படி ஆகும், சர்வீஸ ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க, வந்துடும். கரண்ட் கட்டுக்கு அப்புறம் ஒவ்வொரு தடவையும் இதே கதைன்னா சர்வீஸ் ஸ்டார்ட்ட அரை நிமிஷம் லேட் பண்ணி வச்சிடுங்க. ரீஸ்டார்ட் பண்ணியும் வரலன்னா அந்த சர்வீஸ் ஓடுற யூசர் வீடியோ குரூப்ல இருக்கான்னு பாக்கணும்.

ஃபோல்டர் இல்ல. நேத்து வரைக்கும் ஓடிச்சு, அப்டேட் போட்டதும் போச்சுன்னா மேல பாக்கவே வேண்டாம், கர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) மாறியிருக்கு. டிபிஎஸ் கம்பெனி மாதிரி கார்டுங்களுக்கு டிரைவர தனியா பில்ட் பண்ணித்தான் போட்டிருப்போம், புது கர்னலுக்கு அது ஒட்டாது. பூட் மெனுல பழைய கர்னல செலக்ட் பண்ணி உள்ள போங்க, கார்டு வந்துட்டா விஷயம் அது தான். நிதானமா டிரைவர திரும்ப பில்ட் பண்ணிக்கலாம். ரெக்கார்டர் பாக்ஸ்ல ஆட்டோ அப்டேட்ட நிறுத்தி வைக்கிறது என் கட்சி, ஆனா அப்படி வச்சா அதை ரவுட்டருக்கு வெளிய திறந்து விடக்கூடாது.

அப்டேட்டே போடல, திடீர்னு காணோம்னா ஆஃப் பண்ணி கார்ட கழட்டி மாட்டுங்க. பழைய கேபினெட்ல ஸ்க்ரூ டைட் பண்ணும்போது கார்டோட பின் பக்கம் லேசா தூக்கிக்கும், பாத்தா தெரியாது, விரலால அமுக்கினா தெரியும். அப்புறம் கர்னல் லாக்ல ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ள ஏத்துற சின்ன ப்ரோக்ராம்) கிடைக்கலன்னு வரி இருந்தா அந்த ஃபைல லிப் ஃபர்ம்வேர் ஃபோல்டர்ல போடுங்க. வேற ஸ்லாட், வேற பிசி, ரெண்டுலயும் எட்டிப் பாக்கலன்னா தான் கார்டு செத்துச்சுன்னு முடிவு பண்ணணும்.

## டியூனர் இருக்கு, சிக்னலே இல்ல

ஃப்ரீ டிஷ் பாக்ஸ் தனியா வச்சிருக்கீங்களா? அதே கேபிள அதுல சொருகுங்க. ஒரே நிமிஷத்துல கோளாறு மாடியிலயா பிசியிலயான்னு தெரிஞ்சிடும்.

அந்த பாக்ஸ்ல படம் வருது. பிசி பக்கம் தான். கார்டுல எல்என்பி-க்கு (டிஷ்ஷுக்கு முன்னாடி நிக்கிற, சிக்னல வாங்குற உருப்படி) கரண்ட் குடுக்க தனி பவர் கனெக்டர் இருந்தா அது மாட்டியிருக்கான்னு பாருங்க, தூசி தட்டுறேன்னு கழட்டினவங்க நிறைய பேரு அதை மறந்துடுவாங்க, கார்டு மட்டும் பளிச்சுனு லிஸ்ட்ல தெரியும், சிக்னல் பூஜ்யம். அப்புறம் டிவிஹெட்எண்ட்ல எல்என்பி டைப் யுனிவர்சல்னு இருக்கணும், அதாவது 9750, 10600. மக்ஸ் (ஒரே அலைவரிசையில சேர்ந்து வர்ற சேனல் கூட்டம்) செட்டிங்ல வெர்டிகல், சிம்பல் ரேட் 29500. மக்ஸ கையால டைப் பண்ணினவங்க டிவிபி-எஸ், டிவிபி-எஸ்2 மாத்திப் போட்டிருந்தாலும் லாக் ஆகாது.

அதுலயும் வரல. மாடிக்குப் போகணும். போறதுக்கு முன்னாடி கீழ ஏதாவது ஒரு சேனல ஓட விட்டுட்டுப் போங்க, ஏன்னா டியூனர் சும்மா இருந்தா எல்என்பி-க்கு வோல்டேஜ் போகாம இருக்கலாம். மாடியில கேபிள எல்என்பி-ல இருந்து கழட்டி நடுக்கம்பிக்கும் வெளி உறைக்கும் நடுவுல மீட்டர் வைங்க. வெர்டிகலுக்கு 13 வோல்ட் வாக்குல வரணும்.

வோல்ட் வரலன்னா கேபிள் இல்லன்னா கனெக்டர். எஃப் கனெக்டர திருகி எடுத்து வெளிச்சத்துல பாருங்க: நடுவுல ஒரு செம்புக் கம்பி, சுத்தி சல்லடைக் கம்பி. அந்த சல்லடையில ஒரே ஒரு முடிக்கம்பி வளைஞ்சு நடுக்கம்பிய தொட்டுக்கிட்டு இருந்தாலும் ஷார்ட் தான். நடுக்கம்பி பச்சை பூத்திருந்தாலோ வெள்ளையா பொடி உதிர்ந்தாலோ தண்ணி இறங்கியிருக்கு. ஒரு அடி வெட்டித் தள்ளிட்டு புது கனெக்டர் போடுங்க, வெட்டின இடத்துலயும் கறுப்பா இருந்தா இன்னொரு அடி. ரெண்டு மூணு வெட்டுக்கு அப்புறமும் கறுப்புன்னா கேபிள மாத்துறது தான் வழி, ஆர்ஜி6 வாங்குங்க. எல்என்பி-க்கு முன்னாடி கேபிள ஒரு வளைவு கீழ தொங்க விட்டு மாட்டினா மழைத்தண்ணி அந்த வளைவுல சொட்டிடும், கனெக்டருக்குள்ள ஏறாது.

வோல்ட் வருது, சிக்னல் இல்லன்னா டிஷ் நகர்ந்திருக்கு இல்ல எல்என்பி போயிருக்கு. சென்னையில இருந்து பாத்தா ஜிசாட்-15 தென்கிழக்குல, கிட்டத்தட்ட 68 டிகிரி உயரத்துல நிக்குது, மத்த ஊருக்கு கொஞ்சம் மாறும். துணி காயப் போடுற கொடிய டிஷ் கம்பத்துல கட்டாதீங்க, ஈரப் போர்வை ஒண்ணு போதும் டிஷ்ஷ திருப்பிவிட. எல்என்பி சில நூறு ரூபாய் தான், சந்தேகம்னா மாத்திப் பாத்துடலாம். ஆனா திரும்ப அலைன் பண்றது கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி, ஓட்டு வீடு, தண்ணி டேங்க் மேல இப்படின்னா டிஷ் மாட்டுறவர கூப்பிடுங்க. சிக்னல் மீட்டரோட வருவாரு, கால் மணி நேர வேலை.

சேனல் பேரு வருது, சிக்னலும் நல்லா இருக்கு, படம் மட்டும் வரல. சர்வீஸ் லிஸ்ட்ல என்க்ரிப்டட்னு போட்டிருக்கும். பே சேனல். இது கோளாறே இல்ல, இந்த பாக்ஸ்ல வராது, இதுக்கு யாரையும் கூப்பிட வேண்டாம்.

## படம் கட்டம் கட்டமா உடையுது, சத்தம் விட்டு விட்டு வருது

எனக்கு வர்ற போன்ல இது தான் அதிகம், தப்பா வைத்தியம் பாக்கிறதும் இதுக்குத்தான் அதிகம். எதையும் தொடுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: அதே ரெக்கார்டிங்க ரெண்டாவது தடவை ஓட விட்டா அதே இடத்துல உடையுதா?

### வேற இடத்துல உடையுது

ஃபைல் நல்லா இருக்கு, போடுற வழி தான் சரியில்ல. டிவி பாக்ஸ் வைஃபைல இருந்தா ஒரு நீட்டு லேன் கேபிள ஹால் குறுக்கால இழுத்து சொருகிப் பாருங்க, திட்டு வாங்கினாலும் பரவால்ல. சரியாச்சுன்னா 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறுங்க, இல்ல கேபிளயே நிரந்தரமா ஓட்டிடுங்க. பந்து ஓடும்போது, ஆளு நகரும்போது மட்டும் ஓரத்துல சீப்பு மாதிரி கோடு கோடா வந்தா அது உடைசல் இல்ல, கோடியில டிஇன்டர்லேஸ் ஆன் பண்ணுங்க.

### அதே இடத்துல உடையுது

ஃபைலே உடைஞ்சு தான் பதிவாயிருக்கு. இப்ப டிவிஹெட்எண்ட்ல ஸ்டேட்டஸ், ஸ்ட்ரீம் பக்கத்த திறந்து வச்சுட்டு ஒரு சேனல ஓட விடுங்க. எஸ்என்ஆர்-னு (சிக்னல் எவ்வளவு சுத்தம்னு சொல்றது) ஒரு நெடுவரிசை, கன்டினியூட்டி எரர்னு (வழியில தொலைஞ்ச டேட்டா) ஒரு நெடுவரிசை. இந்த ரெண்டையும் சேத்துப் பாக்கணும், தனித்தனியா பாத்தா ஒண்ணும் புரியாது.

எஸ்என்ஆர் ஆடுது, எரர் ஏறுது. மாடி. மழை மேகம் இருந்தா கே-யு பேண்டுக்கு (இந்த டிஷ் வாங்குற அலைவரிசை) இது சகஜம், விட்டதும் சரியாகும். வெயில் அடிக்கும்போதும் இப்படின்னா மேல சொன்ன கனெக்டர் வேலை தான் முதல்ல. பக்கத்து வீட்டு தென்னை மட்டை வளர்ந்து குறுக்க வந்திருக்கும், காத்து அடிக்கும்போது மட்டும் உடையும், அதையும் ஒரு பார்வை பாருங்க. மார்ச் நடுவுலயும் செப்டம்பர் கடைசியிலயும் சில நாள் காலையில 11 மணி வாக்குல மட்டும் சில நிமிஷம் போய் தானா வந்துச்சுன்னா சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னாடி வருதுன்னு அர்த்தம், ஸ்பேனர எடுக்காதீங்க.

எஸ்என்ஆர் கல்லு மாதிரி நிக்குது, எரர் மட்டும் ஏறுது. டிஷ்ஷ தொடவே கூடாது. இங்க தான் நிறைய பேரு நல்லா இருக்கிற டிஷ்ஷ திருப்பி ரெட்டை வேலை இழுத்துக்கிறாங்க. யுஎஸ்பி டியூனரா இருந்தா முன் பக்க போர்ட்ல இருந்து பின் பக்கத்துக்கு மாத்துங்க, ஹப் இருந்தா தூக்கிப் போடுங்க. கார்டா இருந்தா கை வச்சுப் பாருங்க, தொட முடியாத சூடுன்னா அதுக்கு நேரா ஒரு ஃபேன். பயாஸ்ல பவர் சேவிங் சமாச்சாரத்த ஆஃப் பண்ணி ஒரு நாள் ஓட்டிப் பாருங்க.

லைவ்-ல எரரே இல்ல, ரெக்கார்ட் பண்ணினா மட்டும் உடையுது. டிஸ்க். ஸ்மார்ட் ரிப்போர்ட் (டிஸ்க் தன் நிலைமைய தானே குறிச்சு வைக்கிற கணக்கு) எடுங்க. அதுல யுடிஎம்ஏ சிஆர்சி எரர் ஏறிக்கிட்டே இருந்தா சந்தோஷப்படுங்க, சாட்டா கேபிள் மாத்தினா போதும். ரீஅலொகேட்டட், கரன்ட் பெண்டிங் (டிஸ்க்ல கெட்டுப்போன, சந்தேகமான இடங்களோட எண்ணிக்கை) இந்த ரெண்டும் ஏறினா டிஸ்க் கிளம்புறதுக்கு மூட்டை கட்டுது, இருக்கிறத காப்பி எடுத்துட்டு மாத்துங்க. பழைய சிசிடிவி டிவிஆர்-ல இருந்து கழட்டின டிஸ்க் இந்த வேலைக்கு தோதா இருக்கும், நாள் முழுக்க எழுதுறதுக்குன்னே செஞ்சது, ஆனா ஏற்கனவே எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு ஸ்மார்ட்ல பாத்துட்டு வாங்குங்க. டிஸ்க்ல டக் டக்னு சத்தம் வந்தா அந்த நிமிஷமே ஆஃப். உள்ள குழந்தையோட வீடியோ மாதிரி திரும்பக் கிடைக்காதது இருந்தா டேட்டா ரெக்கவரி ஆளுகிட்ட குடுங்க, செலவு ஆகும். வெறும் சீரியல் தான்னா விட்டுத்தள்ளுங்க.

## ரெக்கார்டிங் நடக்கவே இல்ல, இல்ல தப்பான நேரத்துல நடக்குது

ஃபெயில்டு ரெக்கார்டிங்ஸ் டேப்ல காரணம் எழுதியிருக்கும், அதை யாரும் படிக்கிறதில்ல.

டைம் மிஸ்டு. அந்த நேரத்துல பாக்ஸ் தூங்கிட்டு இருந்திருக்கு. சஸ்பெண்ட் ஆஃப் பண்ணுங்க, கரண்ட் கட்டா இருந்தா முதல் பகுதிக்குப் போங்க.

நோ ஃப்ரீ அடாப்டர். ஒரே மக்ஸ்ல இருக்கிற எத்தனை சேனல வேணும்னாலும் ஒரு டியூனர் பதிவு பண்ணும், வேற வேற மக்ஸ்னா மக்ஸுக்கு ஒரு டியூனர் வேணும். ரெண்டு டியூனர் கார்டு வாங்குறதுக்கு முன்னாடி எந்த ப்ரோக்ராம் முக்கியம்னு பாத்து ப்ரையாரிட்டி மாத்தினாலே பல வீட்டுல பிரச்சனை தீரும்.

பதிவாச்சு, ஆனா வேற ப்ரோக்ராம். சரியா 5.30 மணி நேரம் தள்ளி இருந்தா டைம் ஸோன் தப்பு, கொல்கத்தா-ன்னு வைங்க. வருஷமே தப்புன்னா அந்த பட்டன் செல். நெட்ல இருந்து டைம் எடுத்துக்கும்னு நினைப்பீங்க, ஆனா கரண்ட் வந்ததும் ரவுட்டர் எழுந்திருக்கிறதுக்குள்ள பாக்ஸ் எழுந்து பழைய தேதியில ஓட ஆரம்பிச்சிடும். ஆரம்பம், முடிவு மட்டும் வெட்டுப்பட்டா முன்னாடி 5 நிமிஷம் பின்னாடி 15 நிமிஷம் பேடிங் (கூடுதல் பதிவு நேரம்), கிரிக்கெட்டுக்கு பின்னாடி ஒரு மணி நேரமே வைங்க.

ஃபைல் இருக்கு, சைஸ் பூஜ்யம், இல்ல பாதியில நிக்குது. டிஸ்க் ரொம்பியிருக்கா பாருங்க. கணக்கு சுலபம், 1 மெகாபிட்டுக்கு மணிக்கு 450 எம்பி, 3 மெகாபிட் ஓடுற சேனல் ஒரு மணி நேரத்துக்கு 1.35 ஜிபி தின்னும். எப்பவும் 4 ஜிபி-ல டாண்ணு நிக்குதுன்னா டிஸ்க் ஃபேட்32 ஃபார்மேட்ல இருக்கு (ஒரு ஃபைல் 4 ஜிபி-க்கு மேல தாங்காது), காப்பி எடுத்துட்டு எக்ஸ்ட்-4-ல ஃபார்மேட் பண்ணுங்க. புது டிஸ்க் மாட்டின அன்னைக்கே ஒண்ணும் எழுதலன்னா ஃபோல்டர் பர்மிஷன்.

## செட்டாப் பாக்ஸ் ஏவி அவுட்ல இருந்து எடுக்கிறவங்களுக்கு

மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர யுஎஸ்பி கேப்சர்ல சொருகி எடுக்கிற ஆளுங்களுக்கு ரெண்டு மூணு விஷயம் தான். படம் கறுப்பு வெள்ளையா வந்தாலோ மேல கீழ உருண்டாலோ செட்டிங்ல என்டிஎஸ்சி-ல (அமெரிக்க டிவி முறை) இருக்கும், பேல்-க்கு (நம்ம நாட்டு முறை) மாத்துங்க. வெறும் கறுப்புன்னா இன்புட் எஸ்-வீடியோ-ல இருக்கும், காம்போசிட் ஆக்குங்க. சத்தம் கொஞ்சம் கொஞ்சமா படத்த விட்டு விலகிப் போனா பாக்ஸ் திணறுது, இதுல மட்டும் சிபியு தான் படத்த சுருக்குது, அதனால ரெசல்யூஷன் 720-க்கு 576-க்கு மேல வைக்காதீங்க, அதுக்கு மேல வச்சும் பிரயோஜனம் இல்ல. எச்டிஎம்ஐ-ல எடுத்தா திரை இருட்டுதுன்னா காப்பி ப்ரொடெக்ஷன், அதோட விட்டுடுங்க.

## கேபினெட்ட தொட்டா சுர்ருங்குது

இதுக்கு டெஸ்ட் எதுவும் நீங்க பண்ண வேண்டாம். ஈரக் கையோட, வெறும் காலோட கிட்டப் போகாதீங்க, சுவர்ல சுவிட்ச்ச ஆஃப் பண்ணி ப்ளக்க உருவுங்க. எர்த் இல்லாத பாயிண்ட், இல்ல மூணு பின்ன ரெண்டு பின் அடாப்டர்ல சொருகியிருக்கறது, இதுல ஒண்ணா தான் இருக்கும். அடாப்டரா இருந்தா தூக்கிப் போட்டுட்டு மூணு பின் பாயிண்ட்டுக்கு மாத்துங்க, பாயிண்ட்லயே எர்த் இல்லன்னா எலக்ட்ரீஷியன் தான். அவரு வந்து போற வரைக்கும் டிஷ் கேபிளயும் தொடாதீங்க, கேபினெட்ல இருக்கிற கரண்ட் அது வழியா மாடி வரைக்கும் போகும், மேல டிஷ்ஷ பிடிச்சிட்டு நிக்கிறவருக்கும் அடிக்கும். இடி மின்னலுக்கு முன்னாடி அந்த கேபிள கார்டுல இருந்து கழட்டி வைக்கிறதும் நல்லது, மின்னல் இறங்க ஆரம்பிச்சாச்சுன்னா அப்ப போய் கை வைக்காதீங்க, கார்டு போனா போகட்டும்.